2 அடிக் கடலும் ஒரு பிடிப் பஞ்சும்

என் கடல்மீன் தொட்டியின் கானிஸ்டர் ஃபில்டர் மூடியைத் தூக்கியதும் வந்த வாடை எனக்குப் புதிதில்லை. அழுகிய முட்டை வாடை. அந்த வாடைக்குப் பக்கத்தில் நின்றுதான் 11 வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் வரும் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கழிவுநீர்க் குட்டைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே முதல் குட்டையில் அந்த வாடை அடித்தால் கிருமிகள் ஒழுங்காக வேலை செய்கின்றன என்று நிம்மதியாகப் பசியாறப் போகலாம். வீட்டு ஹாலில், 2 கோமாளி மீன்கள் இருக்கிற கண்ணாடித் தொட்டிக்குக் கீழே அடித்தால் அப்படிப் போக முடியாது.

முந்தின இரவு பெரிய மழை. 11 மணி வாக்கில் கரெண்ட் போனது, விடியற்காலையில் எப்போதோ வந்திருக்கிறது, நான் தூங்கிவிட்டேன். காலையில் பார்த்தால் மீன் இரண்டும் தண்ணீர் மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன, மீன் மேல் ஏறி அழுக்கைப் பொறுக்கித் தின்னும் சிவப்புக் கோடு போட்ட இறால் மணலில் சாய்ந்து கிடக்கிறது. நடந்தது என்னவென்று எனக்குச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. கானிஸ்டர் என்பது மூடின வாளி. உள்ளே தண்ணீர் ஓடுகிறவரை அதில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு ஆக்ஸிஜன் வருகிறது. ஓட்டம் நின்றால் இருக்கிற ஆக்ஸிஜனைக் கொஞ்ச நேரத்தில் தீர்த்துவிடுகின்றன, அப்புறம் ஆக்ஸிஜன் இல்லாமல் வாழத் தெரிந்தவை வேலையை எடுத்துக்கொள்கின்றன. கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது, அதைத் தின்றுதான் அவை ஹைட்ரஜன் சல்ஃபைடை விடுகின்றன. கரெண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடி, அந்த வாளித் தண்ணீர் முழுவதையும் தொட்டிக்குள் ஊற்றிவிட்டது. நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

மீன்கள் பிழைத்தன. இறால் பிழைக்கவில்லை.

கானிஸ்டருக்குள் என்ன வைத்திருந்தேன் என்று சொன்னால்தான் இந்தக் கதை விளங்கும். அடித்தட்டில் சொரசொரப்பான ஸ்பாஞ்ச், அதன் மேல் பாக்டீரியா குடியேறத் துளை வைத்த செராமிக் வளையம் ஒரு லிட்டர், அதற்கு மேல் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன், ஒரு பை வெள்ளைக் கல், உச்சியில் மெல்லிய பஞ்சு. தீபாவளிக்கு முறுக்கு டின் அடுக்குவது மாதிரி அடுக்கி, கிளிப்பை மாட்டிவிட்டு, நாலு மாதம் திறக்கவே இல்லை. திறக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் கானிஸ்டரையே வாங்கினேன். நாலு மாதம் மீன் தின்று போட்டதும் தின்னாமல் விட்டதும் எல்லாம் அந்தத் தட்டுகளில் தங்கியிருக்கிறது. ஆலையில் இப்படி ஒரு குட்டையை விட்டு வைத்தால் என் மேனேஜர் என்னைக் குட்டையிலேயே தள்ளிவிடுவார்.

இத்தனைக்கும் குட்டைக் கணக்கு எனக்கு மனப்பாடம். ஆலையிலிருந்து வரும் கழிவுநீரின் பி.ஓ.டி. (அதிலுள்ள அழுக்கைத் தின்னக் கிருமிகளுக்கு வேண்டிய ஆக்ஸிஜன்) லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் பக்கம் இருக்கும், அதை 100க்குக் கீழே இறக்கின பிறகுதான் வாய்க்காலில் விட முடியும். அந்த வேலையைச் செய்வது செராமிக்கும் இல்லை கார்பனும் இல்லை, பாக்டீரியாவும் நாட்களும்தான். ஆனால் குட்டைக்கு அடியில் சேறு சேர்ந்துகொண்டே போகும். ஏறின சேறு தண்ணீரின் இடத்தைப் பிடிக்கும், தண்ணீர் குட்டையில் தங்கும் நாள் குறையும், ஒருநாள் லேப் ரிப்போர்ட்டில் எண் ஏறும். அப்போது யாரும் புதுப் பாக்டீரியா வாங்க ஓடுவதில்லை, பம்ப்பைப் போட்டுச் சேற்றை அள்ளுவோம். வீட்டில் மட்டும் இந்தப் புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை. சேற்றை அள்ளுவதற்குப் பதிலாகச் சேறு தங்க இன்னும் நாலு தட்டுக் கட்டிக் கொடுத்திருக்கிறேன்.

என் தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். முழுக்க நிரப்பினால் 56 லிட்டர் சொச்சம், மணல், பாறை, மேலே விடுகிற இடைவெளி எல்லாம் போக 45 லிட்டர் தண்ணீர் இருந்தால் பெரிது. கடல் தொட்டியில் இந்த அளவு பயப்பட வேண்டிய அளவு, ஏனென்றால் தப்பு செய்தால் கலைந்து போக இடமில்லை. சின்ன வயதில் தோட்டத்து வாய்க்காலில் சண்டை மீன் பிடித்து ஜாம் போத்தலில் வைத்திருப்போம், ஃபில்டராவது ஒன்றாவது, அது பாட்டுக்கு மாதக்கணக்கில் இருக்கும். அந்த மீனுக்கு மேலே வந்து காற்றை விழுங்கி மூச்சு விடத் தெரியும். தண்ணீரும் இலை ஊறிப் புளிப்பாக இருக்கும், பி.எச். குறைவாக இருந்தால் மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா பெரும்பாலும் விஷமில்லாத அமோனியமாகவே இருந்துவிடும். கடல் தண்ணீர் அப்படி இல்லை. பி.எச். 8.2 பக்கம் இருக்கிறபோது, அதே அளவு அமோனியாவில் விஷமாக இருக்கிற பங்கு பி.எச். 7இல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கு மேல். அதனால் ஜாம் போத்தல் அனுபவத்தைக் கொண்டுவந்து கடல் தொட்டிக்கு முன்னால் உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன்.

வெள்ளைக் கல் விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், அதுதான் எனக்கு அதிக வெட்கம். தொட்டி போட்ட புதிதில் அமோனியா டெஸ்ட் பச்சையாகவே, அதாவது அமோனியா இருக்கிறது என்றே, வந்துகொண்டிருந்தது. என் சித்தப்பா மகன் கப்பி என்கிற நன்னீர் மீன் வளர்க்கிறவன், அவன்தான், "ணே, கறுப்பும் வெள்ளையும் கலந்து பாக்கெட்டுல விப்பான், அத வாங்கிப் போடுங்க, மறுநாள் சீரோ காட்டும்" என்றான். அவன் தொட்டியில் காட்டவும் காட்டுகிறது, நான் பார்த்திருக்கிறேன். கறுப்பு கார்பன், வெள்ளை சியோலைட். ஒரு மீன் கடையில் தவுக்கேயிடம் (முதலாளியிடம்) கடல் தொட்டிக்குப் போடலாமா என்று கேட்டேன், "எல்லாத்துக்கும் போலே" (எல்லாவற்றுக்கும் போடலாம்) என்று தமிழும் மலாயும் கலந்து சொல்லிப் பையில் போட்டுக் கொடுத்தார்.

போட்டேன். ஒரு வாரம் பார்த்தேன், நிறம் மாறவில்லை. இரண்டாவது பாக்கெட்டும் வாங்கிப் போட்டேன்.

சியோலைட் வேலை செய்வது ஒரு பண்டமாற்று முறையில். தன்னிடம் இருக்கிற சோடியத்தைக் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இருக்கிற அமோனியத்தை வாங்கிக்கொள்ளும். நன்னீரில் சோடியம் அரிது, அதனால் வியாபாரம் ஜோராக நடக்கும். கடல் நீரில் லிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சோடியம் கரைந்து கிடக்கிறது, அந்தக் கூட்டத்தில் கொஞ்சூண்டு அமோனியத்தைத் தேடி யார் வாங்குவார்? இதில் உச்சக்கட்டம் என்னவென்றால், நன்னீர்க்காரர்கள் சியோலைட் நிறைந்துவிட்டால் அதைக் கழுவிப் புதுப்பிப்பதே உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத்தான். அதாவது, பிடித்த அமோனியாவைக் கக்க வைப்பதற்கு அவர்கள் பயன்படுத்துகிற தண்ணீருக்குள் அமோனியாவைப் பிடிக்கச் சொல்லி நான் அதைப் போட்டிருக்கிறேன். தவுக்கேயைக் குற்றம் சொல்ல மனசில்லை, அவர் கடையில் உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்றுகூட இல்லை, நான் கேட்ட இடம் தப்பு.

அமோனியா கடைசியில் தானாகத்தான் இறங்கியது, ஐந்தாவது வாரத்தில். அதை இறக்கியது தொட்டிக்குள் கிடந்த பாறை. 6 கிலோ காய்ந்த பாறை, துளைத் துளையாக, ஈப்போவிலிருந்து அட்டைப் பெட்டியில் தூக்கி வந்தது. அதன் துளைகளில் அமோனியாவை நைட்ரைட்டாக்கும் பாக்டீரியா முதலில் வரும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது அதற்குப் பின்னால் மெதுவாக வரும். நாலிலிருந்து ஆறு வாரம் என்று எல்லாரும் சொல்வதைத்தான் என் தொட்டியும் சொன்னது. (கடலிலிருந்து உயிர்ப்பாறை, அதாவது பாக்டீரியா ஏற்கெனவே குடியிருக்கும் பவளப் பாறை, எடுத்து வரலாமே என்று கேட்கிறவர்களுக்கு: மரைன் பார்க் பகுதிகளில் பவளத்தைத் தொட்டால் 1985ஆம் ஆண்டு மீன்பிடிச் சட்டம் இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் செய்யாதீர்கள்.)

அப்படியானால் அந்த ஒரு லிட்டர் செராமிக் வளையம் என்ன செய்துகொண்டிருந்தது? இதைப் பற்றி ஆளுக்கொரு கட்சி இருக்கிறது. பெட்டியில் சதுர மீட்டர் கணக்கு எழுதியிருக்கும், ஒரு பிடி வளையத்துக்குள் ஒரு வீட்டு மனை அடங்கும் என்கிற மாதிரி. பொய் இல்லை, துளைகள் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் பாக்டீரியா இடத்துக்குத் தகுந்த மாதிரி பெருகுவதில்லை, சாப்பாட்டுக்குத் தகுந்த மாதிரிதான் பெருகும். இரண்டு விரல் நீள மீன்களுக்கு நாளைக்கு ஒரு சிட்டிகை தீனி போடுகிறேன், அதிலிருந்து வருகிற அமோனியாவைத் தின்ன அந்த 6 கிலோ பாறையும் மணலும் போதும். 50 பேர் சாப்பிட வருகிற கல்யாணத்துக்கு 500 நாற்காலி போட்டால் மீதி நாற்காலியில் தூசிதான் உட்காரும். தூசி உட்கார்ந்தது. செராமிக் நைட்ரேட்டை உண்டுபண்ணுகிறது என்று சிலர் அதைத் திட்டுகிறார்கள், அதுவும் நியாயமில்லை. நைட்ரேட் தீனியிலிருந்து வருகிறது. வளையங்களுக்கிடையே மாட்டிக்கொண்ட தீனியையும் கழிவையும் யாரும் எடுக்காவிட்டால் அது அங்கேயே அழுகி, கடைசி பருக்கை வரை நைட்ரேட்டாக மாறும், அவ்வளவுதான். பாறை இல்லாத தொட்டி, நோய் மீனைத் தனியாக வைக்கிற தொட்டி என்றால் செராமிக் வளையம் போல உதவி இல்லை, அங்கே நானும் போடுவேன். பாறை இருக்கிற சின்னத் தொட்டிக்கு வேண்டாம்.

கெராங் என்கிற சிப்பியின் ஓட்டைப் போடச் சொன்னார் ஆலையில் ஒரு அண்ணன். இந்தப் பக்கம் கெராங் ஓட்டுக்குப் பஞ்சமில்லை, சுண்ணாம்புச் சத்து கரைந்து பி.எச். ஏறும் என்பது அவர் வாதம். கரையாது. தண்ணீர் ஏற்கெனவே 8க்கு மேல் இருக்கிறபோது ஓடு அப்படியே கிடக்கும், பி.எச். நன்றாக விழுந்தால்தான் கரையவே தொடங்கும். உள்ளே ஒட்டியிருக்கிற சதை மட்டும் அழுகும்.

கார்பன் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது நம் ஊர்ச் சரக்கு. எங்கள் மாவட்டமான பாகான் டத்தோ பக்கம் தென்னை எப்படி என்று தெரியும், தேங்காய்ச் சிரட்டை சும்மா குவிந்து கிடக்கும். சிரட்டையைக் கரியாக்கி, 800 டிகிரிக்கு மேல் நீராவி காட்டினால் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறந்துகொள்ளும். ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு வரும். அந்த நீராவி வேலைக்குப் பேர்தான் ஆக்டிவேஷன். மாமா ஒருத்தர், கோலா செபெத்தாங் சூளையில் வேகிற பாக்காவ் (கண்டல் மரம்) கரியைப் போட்டால் ஆகாதா என்று கேட்டார். சாத்தே சுட ஆகும் மாமா, தொட்டிக்கு ஆகாது.

சிரட்டைக் கார்பனில் ஒரு சூட்சுமம் உண்டு, அதன் துளைகள் பெரும்பாலும் மிகச் சின்னவை, 2 நானோமீட்டருக்கும் குறைவு. குடிதண்ணீர் ஃபில்டரில் குளோரினையும் சின்ன மூலக்கூறுகளையும் எடுக்க அது கெட்டி. ஆனால் நம் தொட்டியை மஞ்சளாக்குவது பெரிய மூலக்கூறுகள், பாசியும் தீனியும் மக்கி வருகிற சாயம். அவை சின்ன வாசலுக்குள் நுழையச் சிரமப்படும். நிலக்கரியில் செய்த கார்பனுக்கு வாசல் அகலம், மஞ்சளை அது வேகமாக எடுக்கும். ஊர்ப்பாசத்தில் நான் இன்னமும் சிரட்டைக் கார்பன்தான் வாங்குகிறேன், கல் மாதிரி கெட்டியாக இருப்பதால் தூள் குறைவாக விழும் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொள்கிறேன். எதுவானாலும் சரி, போடுவதற்கு முன் ஆர்.ஓ. தண்ணீரில் கறுப்பு போகிறவரை அலச வேண்டும். ஒரு மேசைக்கரண்டி போதும், மாதத்தில் ஒரு வாரம். அப்புறம் எடுத்து எறிந்துவிடுகிறேன். கார்பன் அமோனியாவையும் எடுக்காது, நைட்ரேட்டையும் எடுக்காது. மாதக்கணக்கில் விட்டால் அதுவும் துளை அடைந்து இன்னொரு செராமிக் வளையம்தான்.

தண்ணீர் மஞ்சளாகியிருப்பது பார்த்துக்கொண்டே இருக்கிற நமக்குத் தெரியாது. வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா மூடியில் கறுப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டு, தொட்டியின் ஒரு முனையில் வைத்து மறுமுனையிலிருந்து பார்ப்பேன். மூடி வெள்ளையாகத் தெரிந்தால் கார்பன் அடுத்த மாதம்.

பாசிக்கு உரமான பாஸ்பேட்டை எடுக்கிற இரும்புத் துகள் இருக்கிறதே, துருப்பிடித்த மண் மாதிரி செம்பழுப்பாக, அதைப் பார்த்துப் பயப்படக் கற்றுக்கொண்டேன். கண்ணாடியில் பாசி வந்தது என்று 45 லிட்டருக்கு மூன்று கரண்டி போட்டேன். பத்து நாளில் பாஸ்பேட் சீரோ, கூடவே சட்டைப் பொத்தான் மாதிரி விரியும் என் பவளங்கள் நிறம் வெளுத்துச் சுருங்கிவிட்டன, மணலில் தவிட்டு நிறத்தில் கொழகொழவென்று ஒரு படலம். பவளத்துக்கும் கொஞ்சம் பாஸ்பேட் வேண்டும், லிட்டருக்கு 0.03 இலிருந்து 0.1 மில்லிகிராம் வரை இருந்தால் யாரும் சாகப்போவதில்லை. பாசியைக் குறைக்க எனக்குக் கடைசியில் உதவியது தீனியைக் குறைத்ததும் வாரம் 5 லிட்டர் தண்ணீர் மாற்றியதும்தான். 5 லிட்டருக்கு உப்பு 175 கிராம் பக்கம், செலவு சில வெள்ளிதான் (ரிங்கிட்).

உப்பு வாங்குகிறேன் என்றால் அம்மா ஒத்துக்கொள்ளவே மாட்டார். "அங்கன கடலு கெடக்கு, நீ காசு குடுத்து உப்பு வாங்குற." பாகான் டத்தோ கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நம் வீட்டுத் தே தாரிக் (ஆற்றிய பால் டீ) நிறம். பேராக் ஆறும் பெர்ணாம் ஆறும் கொண்டுவந்து கொட்டுகிற சேறு, மழை பெய்தால் உப்பும் பாதியாகிவிடும். கரையோரக் கண்டல் காட்டுக்கு அது அமிர்தம், பவளத்துக்கு ஆகாது. இவ்வளவு காசுக்குத் திருக்கை வாங்கிக் குழம்பு வைக்கலாம் என்பது அம்மாவின் நிரந்தர வாதம், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இப்போது கானிஸ்டர் ஸ்டோரில் கிடக்கிறது. தொட்டியின் முதுகில் தொங்குகிற சின்ன ஃபில்டர் ஒன்றுதான் ஓடுகிறது, மேலே திறந்தே இருக்கும், கரெண்ட் போனாலும் உள்ளே இருக்கிற தண்ணீர் கொஞ்சம், காற்றும் படும். (கூடவே பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று, பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) தூண்டில் சாமான் விற்கிறவரிடம் வாங்கியது.) அதில் தண்ணீர் நுழைகிற முதல் இடத்தில் ஒரு பிடிப் பஞ்சு. இந்தப் பஞ்சுதான் இப்போது என் மொத்த ஃபில்டர் ஞானமும். பாலியெஸ்டர் பஞ்சு, டவுனில் தையல் கடைக்குப் பக்கத்தில் தலையணைக்கு விற்கிறார்களே அதே சுருள், தீப்பிடிக்காமலிருக்கவும் கிருமி வராமலிருக்கவும் மருந்து அடித்ததா என்று மட்டும் கேட்டு, அடிக்காததை வாங்க வேண்டும். உள்ளங்கை அளவு வெட்டி வைத்தால் முதல் நாள் வெள்ளை, இரண்டாம் நாள் ஓரத்தில் பழுப்பு, மூன்றாம் நாள் எடுத்துப் பிழிந்து பாருங்கள், விரல் இடுக்கில் கோப்பிக் கசடு மாதிரி ஒரு தண்ணீர் வழியும், அதில் தின்னாத தீனி உருண்டை ஒன்றிரண்டு உருக்குலையாமல் இருக்கும். அது அழுகுவதற்கு முன்னால் வெளியே வந்துவிட்டது, அமோனியாவாக மாறவே இல்லை. எந்தப் பாக்டீரியாவுக்கும் வேலை வைக்காத அழுக்கு. ஒரு வாரம் விட்டிருந்தால் இதே பஞ்சுதான் தொட்டியின் மோசமான மூலையாகியிருக்கும்.

ஆகவே யாராவது ஃபில்டருக்குள் போட எந்த மீடியா (பஞ்சு, கார்பன், செராமிக் மாதிரிச் சரக்கு) நல்லது என்று கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "எத்தனை நாளைக்கு ஒரு தடவை கையை விடுவீங்க?" என்பதுதான். மூன்று நாளுக்கு ஒரு முறை என்றால் பஞ்சு. மாதம் ஒரு முறை என்றால் பஞ்சே வைக்காமல் பாறையை நம்பி, மீனைக் குறைத்து, தண்ணீரை மாற்றிக்கொண்டிருங்கள், அது இன்னும் மேல். ஸ்பாஞ்சோ பாறைத் துண்டோ அலசுவதாக இருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள், பைப் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, வளர்த்தவற்றை நாமே கொன்ற மாதிரி ஆகும்.

போன மாதம் ஆலையில் கொதிகலன் நிறுத்தி வருடாந்திர வேலை, இரண்டு வாரம் வீட்டுக்கு வந்ததெல்லாம் தூங்கத்தான். பஞ்சை மறந்தே போனேன். ஞாபகம் வந்து பதறிப்போய் ஃபில்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பஞ்சு வெள்ளையாக இருக்கிறது. அம்மாவைக் கேட்டேன்.

"நீ செய்யறதத்தான் பாத்துருக்கேன்ல. அழுக்காச்சு, மாத்துனேன்."

"பழசு எங்கம்மா?"

பின்கட்டுப் பக்கம் கையைக் காட்டினார். துணிக்கொடியில் என் ஆலைச் சட்டைக்கும் அவர் கைலிக்கும் நடுவே ஐந்து பஞ்சுத் துண்டுகள், துவைத்து, கிளிப் போட்டு, வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. தூக்கிப் போடுகிறதாவது, நல்ல பஞ்சு என்றார். சோப்புப் போட்டாரா என்று கேட்கப் பயந்து, ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாடை இல்லை, லேசாக உப்பு வாடைதான்.